25 கிலோமீட்டர் பொய்

"லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், ஹெல்மெட்டும் வேண்டாம்." மின்சார ஸ்கூட்டர் விற்கும் சிறிய கடைகள் பலவற்றில் முதலில் காதில் விழுவது இந்த நான்கு வேண்டாம்கள்தான். ஒரு சார்ஜில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைக்கூட அப்புறம்தான் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்ப வேண்டிய தாய்க்கும், லைசென்ஸ் காலாவதியாகிப்போன ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், பஸ் எட்டிப் பார்க்காத சானல்கரை ரோட்டில் வீடு கட்டியவருக்கும் இந்தப் பேச்சு போதும். பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து வந்துவிடுகிறார்கள். அடிபட்டால் யார் பணம் கட்டுவார்கள் என்ற கேள்வியை வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவர் கிளப்புவதும் இல்லை.

கடைக்காரர் சொல்வது முழுப் பொய் அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(u) என்றொரு விதி இருக்கிறது. அதன்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் உள்ள இருசக்கர பேட்டரி வண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்ல. மோட்டார் வாகனம் இல்லையென்றால் பதிவும் இல்லை, ஓட்டுநர் உரிமமும் இல்லை, காப்பீடும் இல்லை. சைக்கிளுக்கு அண்ணன் என்ற அளவில்தான் சட்டம் அதைப் பார்க்கிறது. ஆனால் அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது. இந்த நிபந்தனைகள் எல்லாம் பொருந்துகின்றன என்று விதி 126-ல் குறிப்பிட்ட சோதனை நிறுவனங்களில் ஒன்று பரிசோதித்துச் சான்று தர வேண்டும். சலுகை அந்தச் சான்றுக்குத்தான். கடைக்காரரின் வாய்ச்சொல்லுக்கு அல்ல.

இனி நம் குமரி மாவட்டச் சாலைக்கு வருவோம். 250 வாட் என்பது வீட்டு மிக்ஸியின் மோட்டாரைவிடக் குறைந்த திறன். தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் ஏற்றத்தில், பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, அந்தத் திறனில் ஒரு வண்டி ஏறுமா? விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மேடு பள்ளம் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏறாத வண்டியை இந்த மேற்குப் பகுதியில் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது விற்பவருக்குத் தெரியும். ஆகவே வண்டி ஏறுகிறது. இரண்டு பேரை வைத்துக்கொண்டும் ஏறுகிறது. சமதளத்துக்கு வந்ததும் பெட்ரோல் வண்டிகளுக்குச் சரியாக, சில நேரம் அவற்றை முந்திக்கொண்டும் ஓடுகிறது. 25 கிலோமீட்டர் என்று காகிதத்தில் சான்று பெற்ற வண்டி இப்படி ஓடுகிறதென்றால், ஒன்று அந்த மோட்டார் காகிதத்தில் உள்ள மோட்டார் அல்ல, அல்லது வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'லாக்' எடுக்கப்பட்டிருக்கிறது. லாக் எடுப்பது பெரிய வித்தையும் இல்லை. சில வண்டிகளில் ஒரு ஒயரைக் கழற்றினால் முடிந்தது. சிலவற்றில் கண்ட்ரோலரை மாற்ற வேண்டும். வண்டி விற்ற இடத்திலேயே இது நடந்தால் அது வாடிக்கையாளர் சேவை என்று பெயர் பெறுகிறது. நாம் அதை மோசடி என்கிறோம்.

லாக் எடுத்த அந்த நொடியில் சட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை வாங்கியவர் தெரிந்துகொள்ள வேண்டும். 2(u) தரும் சலுகை அங்கேயே அறுந்துவிடுகிறது. வண்டி மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவு செய்யாத, காப்பீடு இல்லாத, பல நேரங்களில் உரிமம் இல்லாத ஒருவர் ஓட்டும் மோட்டார் வாகனம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 192, 196, 181 ஆகிய மூன்று பிரிவுகளும் ஒரே நேரத்தில் வந்து உட்காருகின்றன. ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவும் சேர்கிறது. பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டியூஷனுக்குப் போக வாங்கிக் கொடுத்த வண்டி, தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடியது என்பதை ஷோரூமில் யாராவது சொன்னார்களா?

ஒரு விபத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோட்டாறு சந்தைப் பக்கம் சாலையைக் கடக்கிறார் ஒரு மூதாட்டி. லாக் எடுத்த பேட்டரி வண்டி ஒன்று சத்தமே இல்லாமல் வந்து இடிக்கிறது. இடுப்பெலும்பு முறிகிறது. ஓட்டி வந்த பையனுக்குத் தலையில் அடி, ஹெல்மெட் இல்லை. இருவரையும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருப்பதால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்ளும். நல்ல திட்டம், மறுக்கவில்லை. 49-வது மணி நேரத்தில் என்ன?

அந்த இடத்தில் ஒரு பெட்ரோல் ஸ்கூட்டர் இடித்திருந்தால் அதற்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்திருக்கும். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும்கூட, காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடும் வழி ஒன்று உண்டு. சுவரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் திறந்து வைத்த வழி அது. பேட்டரி வண்டியில் கொடுப்பதற்குக் காப்பீட்டு நிறுவனமே இல்லை. மூதாட்டியின் குடும்பம் நாகர்கோவிலில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் வாதம் 'இது மோட்டார் வாகனமே இல்லை' என்பதாகத்தான் இருக்கும். இடுப்பு முறிந்து கிடக்கும் மனுஷி, தன்னை இடித்தது மோட்டார் வாகனம்தான் என்று தானே நிரூபிக்க வேண்டும். நிரூபித்து, உத்தரவும் வாங்கி, அதை யாரிடம் நிறைவேற்றுவது? வாடகை வீட்டில் இருக்கும் பையனின் தகப்பனிடம்தான். 164-வது பிரிவு, யார் தவறு என்று கேட்காமல் மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தரச் சொல்கிறது. அதையும் உரிமையாளர் அல்லது காப்பீட்டு நிறுவனம்தான் தர வேண்டும்.

பையனின் கதி இதைவிட மோசம். பதிவு செய்த வண்டியின் உரிமையாளர், லைசென்சோடு தானே ஓட்டும்போது அடிபட்டால் 15 லட்சம் ரூபாய் சொந்த விபத்துக் காப்பீடு இருக்கிறது. இங்கே அதுவும் கிடையாது. அந்த வழக்குக் கட்டில் மூதாட்டியின் பெயர் இருக்கும், பையனின் பெயர் இருக்கும், தாய் தகப்பனின் பெயரும் இருக்கும். வண்டியை விற்றவர், லாக் எடுத்தவர், அந்த மோட்டாரை அந்தச் சான்றோடு அனுப்பிய கம்பெனி ஆகிய மூவரின் பெயர் மட்டும் இருக்காது.

இதைத்தான் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். சட்டத்தில் இந்த மூவருக்கும் இடம் இல்லாமல் போகவில்லை. 182ஏ பிரிவைப் படித்துப் பார்க்கலாம். விதிக்கு மாறாக வாகனத்தைத் தயாரிக்கும், விற்கும், மாற்றியமைக்கும் தயாரிப்பாளருக்கும் டீலருக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம்! விற்ற விலையைவிட அதிகம். மாதத்துக்குப் பத்து வண்டி விற்கும் கடைக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுவார். ஆனால் அந்தப் பிரிவு அவர் வாசலுக்கு வந்தால்தானே? சாலையோரத்தில் ஹெல்மெட் இல்லாத பெட்ரோல் வண்டிக்காரரிடம் 1,000 ரூபாய்க்குச் சலான் கிழிக்கும் அதே நேரத்தில், பக்கத்தில் மூன்று பிள்ளைகளோடு விரைந்து போகும் பேட்டரி வண்டியைக் காவலர் பார்க்காததுபோல் விட்டுவிடுகிறார். நம்பர் பிளேட் இல்லை, எழுத எண் இல்லை, எதற்கு வம்பு. பதிவில்லாத வண்டியையும் உரிமமில்லாமல் ஓட்டும் வண்டியையும் பிடித்து வைக்க 207-வது பிரிவு காவல்துறைக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஒரு வண்டி 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறதா என்று பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடமும் வேண்டாம். வேகம் அளக்கும் கருவி போக்குவரத்துப் போலீசிடமே இருக்கிறது.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இரண்டு போக்குவரத்து அலுவலகங்கள், டி.என். 74, டி.என். 75 என்று, இத்தனை சிறிய மாவட்டத்துக்கு இருக்கின்றன. எட்டுப் போடத் தெரியாத பெண்ணை மூன்று முறை திருப்பி அனுப்பும் கண்டிப்பு அங்கே உண்டு. அந்தக் கண்டிப்பில் ஒரு பங்கை ஷோரூம்கள் பக்கம் திருப்பியிருந்தால் இந்தத் தலையங்கத்துக்கு அவசியம் வந்திராது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள மோட்டார் வாகனத் துறை 2023-ல் மின்சார ஸ்கூட்டர் கடைகளுக்குள் புகுந்து சோதனை செய்தது. வேகத்தைக் கூட்டி விற்கப்பட்ட வண்டிகளைக் கண்டுபிடித்தது, நடவடிக்கையும் எடுத்தது. மகாராஷ்டிரமும் 2022-லேயே இத்தகைய மாற்றங்களுக்கு எதிராக உத்தரவிட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் குற்றமாக இருப்பது இந்தப் பக்கம் வந்ததும் வியாபாரமாகிவிடுமா? இரண்டு பக்கமும் ஒரே மத்தியச் சட்டம்தானே?

பதிவு செய்த, பெயர் பெற்ற கம்பெனிகளின் வண்டிகளிலும் இதே பொறுப்பின்மை வேறு உடையில் நிற்கிறது. அங்கே காப்பீடு இருக்கிறது, எண் இருக்கிறது. விபத்துக்குக் காரணம் வண்டியா, ஓட்டியவரா என்று கேட்டால் பதில் சொல்லும் தகவல் மட்டும் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது.

2022 மார்ச்சில் கவுகாத்தியில் ஓலா ஸ்கூட்டர் ஓட்டிய இளைஞர் ஒருவர் விழுந்து கைகளில் காயம்பட்டார். வேகத்தடையில் வண்டி வேகம் குறைவதற்குப் பதிலாகப் பாய்ந்தது என்று அவருடைய தகப்பனார் புகார் சொன்னார். கம்பெனி என்ன செய்தது? அந்த இளைஞர் எங்கே, எந்த வேகத்தில் போனார் என்ற தகவலை எல்லோரும் பார்க்க வெளியிட்டு, வண்டி 115 கிலோமீட்டர் வேகம் வரை போனது, வண்டியில் குறையில்லை என்று தானே தீர்ப்பும் எழுதிவிட்டது. இளைஞர் வேகமாகப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். நம் கேள்வி அதுவல்ல. குற்றம்சாட்டப்பட்டவரே சாட்சியமும் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதையும் தானே முடிவு செய்யும் முறை உலகில் எந்த நீதிமன்றத்தில் உண்டு?

நம் ஊரில் நிலைமை இன்னும் மோசம். விபத்துக்குப் பின் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்வையிடுவார். பிரேக்கை அழுத்திப் பார்ப்பார், ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்ப்பார், டயரைப் பார்ப்பார். பிறகு, பெட்ரோல் வண்டிகளுக்குப் பல்லாண்டாக எழுதிப் பழகிய அதே வரி: இயந்திரக் கோளாறு காரணமாக இந்த விபத்து நிகழவில்லை. ஒரு மின்சார ஸ்கூட்டரில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கேபிள் அல்ல, மென்பொருள். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே திரும்ப மின்சாரம் உண்டாக்கி வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் மென்பொருளின் கையில்தான். இரவோடு இரவாக ஓர் 'அப்டேட்' வந்து வண்டியின் குணமே மாறலாம். கண்ட்ரோலரில் பதிவான தகவலைப் படிக்கும் கருவி இல்லாமல், பிரேக் ஷூவைப் பார்த்து 'கோளாறில்லை' என்று சான்று தருவது ஆய்வு ஆகாது. அந்த ஒரு வரியைக் காட்டித்தான் கம்பெனியின் வக்கீல் வழக்கைத் தட்டிவிடுகிறார். ஆய்வாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கருவி தராத, பயிற்சி தராத துறைக்குத்தான் இந்தக் கண்டனம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவு மின்னணுத் தகவலைக் கேட்டு வாங்கக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. ஒவ்வொரு மின்சார வண்டி விபத்திலும் விசாரணை அதிகாரி அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட எத்தனை நாள் ஆகும்?

ஓலா ஸ்கூட்டரின் முன்பக்க ஃபோர்க் விவகாரத்தையும் மறக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரத்தைத் தாங்கும் பகுதி உடைந்துவிட்டதாக 2022-லும் 2023 தொடக்கத்திலும் புகார்கள் வரிசையாக வந்தன. 2023 மார்ச்சில் ஓலா நிறுவனம் விரும்புகிறவர்களுக்கு இலவசமாகப் புதிய பாகம் மாற்றித் தருவதாக அறிவித்தது. பயம் அடிப்படையற்றது, இது ஒரு மேம்பாடுதான் என்றும் கூடவே சொன்னது. பயமே தேவையில்லை என்றால் எதற்காக மாற்ற வேண்டும்? மாற்ற வேண்டியது என்றால் எதற்காக 'விரும்புகிறவர்களுக்கு' மட்டும்? மழைக்காலம் இரண்டு கொண்ட நம் மாவட்டத்தில், தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறிச் சாலையை அரித்துப்போடும் இடத்தில், சிறிய சக்கரமுள்ள ஸ்கூட்டரின் முன்பகுதி தாங்குமா என்பது விருப்பத்துக்கு விடும் விஷயமா?

தீ விபத்துகளின் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2022 மார்ச் கடைசி வாரத்தில் வேலூரில், வாங்கிச் சில நாட்களே ஆன ஒகினாவா ஸ்கூட்டரை இரவில் சார்ஜில் போட்டிருந்த வீட்டில் தீப்பிடித்து, தகப்பனும் 13 வயது மகளும் புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். சார்ஜ் செய்ததில் இருந்த அலட்சியமே காரணமாகத் தெரிகிறது என்பதுதான் நிறுவனத்திடமிருந்து வந்த முதல் பதில். சார்ஜரும் அவர்கள் தந்தது, பேட்டரியும் அவர்கள் தந்தது, வீட்டு பிளக்கில் சொருகலாம் என்று விளம்பரம் செய்தவர்களும் அவர்கள். செத்தவர்கள் மேல் பழி. மூன்றே வாரத்தில் அதே நிறுவனம் பேட்டரி சோதனைக்காக 3,215 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தது. அந்த ஏப்ரலிலேயே நிஜாமாபாத்திலும் விஜயவாடாவிலும் வீட்டில் சார்ஜில் இருந்த பேட்டரிகள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ப்யூர் இ.வி. 2,000 வண்டிகளையும் ஓலா 1,441 வண்டிகளையும் திரும்ப அழைத்தன. செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம் இருந்த விடுதிக் கட்டடத்தில் தீப்பற்றி 8 பேர் மாண்டனர்.

மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அப்போது, அலட்சியமான நிறுவனங்களுக்குக் கடும் அபராதம் விதிக்கப்படும், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடப்படும் என்று எச்சரித்தார். உத்தரவிட அவருக்குச் சட்டம் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள வண்டிகளைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்கலாம், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் மேலே சொன்ன மூன்று திரும்ப அழைப்புகளும் கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்தவை. பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதி திருத்தப்பட்டு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது, அதை வரவேற்கிறோம். அதற்கு முன் விற்ற வண்டிகள் என்னவாயின? அவை இன்னும் ஏதோ ஒரு வீட்டின் வராந்தாவில் சார்ஜில் கிடக்கின்றன. வாங்கியவர்களுக்கு ஒரு கடிதம்கூடப் போக வேண்டாமா?

இந்த வண்டிகள் சந்தைக்கு வந்ததில் அரசுக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மின்சார வண்டிகளுக்கான ஃபேம் திட்டத்தில் மானியம் கொடுத்தது மத்திய அரசு. சாலை வரியைத் தள்ளுபடி செய்தது மாநில அரசு. ஓசூரில் ஏத்தரும் டி.வி.எஸ்.ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும், ராணிப்பேட்டையில் ஆம்பியரும் தொழிற்சாலை வைத்திருக்க, மின்சார ஸ்கூட்டரின் தலைநகரம் என்று தமிழ்நாடு பெருமைப்படுகிறது. பெருமைப்படட்டும். அதே தமிழ்நாட்டில்தான் 2023-ல் 67,213 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் அது. இறந்தவர்கள் 18,347 பேர். விற்பனைக்குக் கைகொடுத்த அரசு, விற்றபின் நடப்பதற்குக் கையை விரிப்பதை ஏற்க முடியாது. ஓலாவைப் பற்றி மட்டும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஓராண்டில் 10,644 புகார்கள் சேர்ந்த பிறகுதான், 2024 அக்டோபரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாகப் பதில் சொன்னது. தீர்ந்தது என்று முடிவு செய்ததும் நிறுவனம்தான்.

மின்சார வண்டிக்கு நாம் எதிரிகள் அல்ல. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய நாட்டில், குளச்சலிலிருந்து மீன் சுமந்து வரும் அம்மாவுக்கும், தோவாளைச் சந்தைக்கு விடியுமுன் பூ கொண்டுபோகும் விவசாயிக்கும் இது பெரிய உதவி. முப்பந்தல் காற்றாலைகள் சுழன்று தரும் மின்சாரத்தில் நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்றால் நமக்கும் மகிழ்ச்சிதான். அதனால்தான் கோபமும் வருகிறது. நாலு கடைக்காரர்கள் ஒயர் வெட்டிச் சம்பாதிப்பதற்காக நல்ல வண்டியின் பெயரும் கெடுகிறது. விதியை மதித்து, லாக்கைத் தொடாமல் விற்கும் கடைக்காரர், ஏற்றம் ஏறாத வண்டியை வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'பக்கத்துத் தெருவுக்குத்தானே போகிறான்' என்பது காரணம் ஆகாது. அனந்தனார் சானல் கரையில் தடுப்புச் சுவர் இல்லாத இடங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். சட்டம் கேட்காவிட்டாலும் தலைக்கு ஹெல்மெட் வேண்டும். லாக் எடுத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 84 முதல் 86 வரையிலான பிரிவுகள், குறையுள்ள பொருளால் காயம் ஏற்பட்டால் தயாரித்தவரையும் விற்றவரையும் பொறுப்பாக்குகின்றன. வண்டியைத் தானே மாற்றியமைத்து, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்பனையாளர் தப்ப முடியாது. ஆனால் 87-வது பிரிவு, தீங்கு நேர்ந்த நேரத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்பனையாளர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் சொல்கிறது. ஒயரை வெட்டியவர் கடைக்காரர்தான் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லையென்றால், 'அவர்களே வெளியே கொண்டுபோய் மாற்றிக்கொண்டார்கள்' என்று அவர் சொல்லிவிடுவார். அதோடு உங்கள் வழக்கும் வெட்டுப்படும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது புதிய சட்டம் அல்ல. இருக்கிற சட்டத்தை ஷோரூம் வாசல் வரை கொண்டுபோக வேண்டும். இரண்டு போக்குவரத்து அலுவலகங்களும் ஒரு மாதத்துக்குள் மாவட்டத்தில் பேட்டரி ஸ்கூட்டர் விற்கும் ஒவ்வொரு கடையிலும் சோதனை நடத்த வேண்டும். விதி 126 சோதனை நிறுவனத்தின் சான்று எங்கே என்று கேட்க வேண்டும். சான்றில் உள்ள மோட்டாரும் வண்டியில் உள்ள மோட்டாரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் 182ஏ-யின் கீழ் வழக்கு. கடைக்காரரோடு நிற்காமல், அனுப்பிய கம்பெனி மீதும் வழக்கு. சோதனையில் என்ன கிடைத்தது, எத்தனை வழக்கு என்பதைக் கடைகளின் பெயரோடு வெளியிட வேண்டும். பள்ளி வாசலில் பிள்ளைகளைப் பிடித்து அழ வைப்பது சோதனை ஆகாது, அதை முதலில் செய்து கணக்குக் காட்ட வேண்டாம். ஏற்கெனவே லாக் எடுத்த வண்டி வைத்திருப்பவர்கள், விற்ற கடையிலேயே செலவில்லாமல் பழைய நிலைக்கு மாற்றிக்கொள்ளக் குறிப்பிட்ட கால அவகாசம் தரலாம். காவல் நிலையங்களில், விபத்தில் சிக்கியது மின்சார வண்டி என்பதும், லாக் எடுக்கப்பட்டிருந்ததா என்பதும் முதல் தகவல் அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். அப்படி எழுதாத அறிக்கையோடு தீர்ப்பாயத்துக்குப் போகும் குடும்பம் பாதி வழக்கைப் போலீஸ் நிலையத்திலேயே தோற்றுவிட்டுப் போகிறது.

சென்னைக்கும் டெல்லிக்கும் ஒன்று. 25 கிலோமீட்டர் வண்டிகளுக்குப் பதிவு வேண்டாம் என்றால் இருக்கட்டும், குறைந்த பிரீமியத்தில் மூன்றாம் நபர் காப்பீட்டையாவது விற்பனை விலையோடு சேர்த்துக் கட்டாயமாக்குங்கள். விபத்து நடந்த வண்டியின் தகவல் பதிவை, கேட்ட சில நாட்களுக்குள் போலீசுக்கும் ஓட்டியவரின் குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள். தர மறுக்கும் கம்பெனிக்கு எதிராகவே ஊகம் எடுத்துக்கொள்ளும்படி அந்த விதி இருக்கட்டும்.

மாவட்ட ஆட்சியருக்குத் தனியாக ஒன்று சொல்ல இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு, புகார் வந்தால் நியாயமற்ற வணிக முறை, தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகியவற்றை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை அவருக்கு நேரடியாகத் தந்திருக்கிறது. 'லைசென்ஸ் வேண்டாம்' என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே 40, 45 கிலோமீட்டர் வேகம் என்று போடும் விளம்பரத்தைவிடத் தெளிவான சான்று அவருக்கு வேறு வேண்டியதில்லை. புகார் வந்தால்தான் விசாரிக்க முடியும் என்று சொல்வாரானால், அதற்கும் வழி இருக்கிறது. ஏமாந்தவர்கள் வண்டியின் பில்லையும், கடைக்காரர் கொடுத்த நோட்டீசையும், இருந்தால் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய 'லாக் எடுத்துத் தரலாம்' என்ற செய்தியையும் நகல் எடுத்துக்கொண்டு, வரும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். மனுவில் 16-வது பிரிவு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். மனு எண் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.